டீக்கு எரிந்த விறகு

என் அக்காவுக்கு உட்கார வராது. சாப்பிடும்போதும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பாள். பொத்தான் தைக்கும் பட்டறையில் ஏழு மாதம், அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில் ஒன்றரை மாதம், பல் டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலையில் பதினோரு நாள். எங்கேயும் அவளை யாரும் போகச் சொல்லவில்லை. நாற்காலிக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை.

"பல்லு புடுங்க வந்தவங்களே இவளவிட அமைதியா உக்காந்திருந்தாங்க" என்பார் அத்தான். அவர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். நான் அவர்களோடுதான் இருக்கிறேன்.

அக்காவின் முப்பத்தெட்டாவது வயதில் எரிபொருள் கணக்கெடுப்பு வேலை வந்தது. நாடு ஒரு வருஷத்தில் எவ்வளவு எரிக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. பெட்ரோலுக்கு பங்க் இருக்கிறது. நிலக்கரியை எடை போட்டுத்தான் ரயிலில் ஏற்றுகிறார்கள். வீட்டு அடுப்பில் எரியும் விறகுக்கு மட்டும் எதுவும் கிடையாது. யாராவது நேரில் போய் எடை போட்டால்தான் உண்டு. அந்த எடையை வைத்துத்தான் எவ்வளவு புகை மேலே போகிறது, எத்தனை கூரையில் சோலார் மாட்டினால் எத்தனை அடுப்பு அணையும் என்றெல்லாம் பெரிய ஆபீசில் கணக்குப் போடுவார்களாம்.

வேலை இதுதான். ஊரின் மேட்டுப் பகுதியில் முப்பத்தாறு வீடு அவள் பொறுப்பு. வாரத்துக்குப் பன்னிரண்டு வீடு. முதல் நாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் விறகைத் தனியாகக் குவித்து, கயிற்றில் கட்டி, தொங்கு தராசில் மாட்டி எடை எழுத வேண்டும். அந்தக் குவியலிலிருந்து மட்டும்தான் அந்த வீட்டில் எரிக்கலாம். மறுநாள் காலை மிச்சத்தை எடை போட்டால், ஒரு நாளில் எரிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இப்படி ஒரு வாரம் முழுக்க. மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடியும் ஒரு சுற்று.

வீடு வீடாக ஏறி இறங்குகிற அந்த வேலை அக்காவுக்கென்றே செய்து வைத்ததுபோல இருந்தது. முதல் மாதமே செருப்பு தேய்ந்தது. மேட்டு வீடுகளில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர் வந்துவிட்டது. அவள் அசையாமல் நின்று நான் பார்த்த ஒரே சமயம், தராசு முள் ஆடி அடங்கும் வரைக்கும்தான். "முள்ளு நிக்காம எழுத மாட்டேன்" என்பாள். மூன்று வருஷத்தில் பார்க்காத எடை ஒன்றைக்கூட அவள் எழுதியதில்லை. எனக்குத் தெரியும். அவளுடைய தாள்களை நகல் எடுப்பது நான்தான். அவள் எழுத்தும் அவளைப் போலவே கோட்டுக்குள் நிற்காது. ஆபீசில் படிக்க முடியவில்லை என்றார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். ஆனால் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

எடை போட்டு முடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கு டீ கொடுப்பார்கள். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு டீ. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள் என்று அவளும் குடித்துவிடுவாள்.

"ஊர்ல இவ கால்ல சக்கரம்னு பேசிக்கறாங்க. சக்கரமும் இல்ல ஒண்ணும் இல்ல. வயித்துல ஒரு குடம் டீ" என்று அத்தான் கேலி செய்வார்.

"உங்க டிப்போ கேன்டீன் டீய நீங்க குடிக்கறதில்லையா?"

"நான் குடிச்சா தூங்கறேன். நீ குடிச்சா ஊர சுத்தற."

மூன்றாம் வருஷம் ஒரு சுற்றின் நடுவில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. வாரத்தின் மூன்றாம் நாள். எழுந்து நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள், மறுபடியும் படுத்தாள். ஒரு நாள் எடை விட்டுப்போனால் பன்னிரண்டு வீட்டின் ஒரு வாரமும் வீண். வேறு ஆளை அனுப்பவும் கூடாது என்று விதி.

"நீ போயிட்டு வாடி" என்றாள் என்னிடம்.

"நானா?"

"பேச வேண்டாம். எடை போடு, எழுது, வந்துடு. முள்ளு நிக்கற வரைக்கும் கைய அசைக்காத."

நான்கு நாள் போனேன். ஆள் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாசல் உத்திரத்தில் தராசை மாட்டி, விறகைக் கட்டித் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்கிவிடுவேன். உள்ளே வா என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா மூன்று மணி நேரத்தில் முடிக்கிற சுற்றை நான் ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்தேன். ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கி அவளே போனாள்.

இரண்டு வாரம் கழித்து மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்தார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதனால் எல்லோருக்கும் அவர் பென்சில் சார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்றைக்குத் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாள்களைப் பிரித்தார்.

"என்னம்மா இது? ரெண்டு நாள் எல்லா வீட்லயும் நாலரை கிலோ, அஞ்சு கிலோன்னு எரிஞ்சிருக்கு. அப்புறம் நாலு நாள் ஒவ்வொரு வீட்லயும் நானூறு கிராம் குறையுது. கடைசி நாள் மறுபடியும் ஏறுது. பன்னெண்டு வீடும் கூடிப் பேசி சிக்கனமாயிட்டாங்களா?"

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். நானும் கதவோரம் நின்று பார்த்தேன். நானே நகல் எடுத்த தாள்தான். வீடு வீடாகப் பார்த்து எழுதியதில் எனக்கு அது உறைக்கவில்லை. அவர் பென்சிலால் குறுக்கே கோடு இழுத்துக் காட்டியபோது அந்த நான்கு நாளும் பள்ளம் மாதிரி இறங்கியிருந்தன.

"உங்களுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்" என்றார் அவர். "வீட்ல உக்காந்து எழுதிட்டீங்களா?"

"நான் உக்காந்து எழுதறவளா சார்?"

"அதத்தான் நானும் யோசிச்சேன். ஆனா தாள் வேற சொல்லுது. அடுத்த கட்டத்துல அந்த வீடுகளுக்கெல்லாம் சோலாரும் கரண்டு அடுப்பும் வருது. அந்த வேலைக்கு, இப்போ எடை போடற நாப்பது பேர்ல பன்னெண்டு பேரத்தான் எடுக்கறாங்க. பொய் எடை எழுதினவங்கன்னு ஒரு தடவ பேர் விழுந்துட்டா, எந்தக் கணக்கெடுப்புலயும் கூப்பிட மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அம்மாவப் பாத்து விளக்கம் சொல்லிடுங்க." அம்மா என்றது பெரிய ஆபீசின் இயக்குநரை.

அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ போனியா?"

"போனேன்."

"பன்னெண்டு வீட்டுக்கும் போனியா? இல்ல வழியில மரத்தடியில நின்னு எழுதினியா? உண்மையச் சொல்லு, திட்ட மாட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வாயும் வரவில்லை. அப்படி நின்றால் திருடி மாதிரித்தான் தெரியும் என்று புரிந்தது, புரிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

"விடும்மா, அது பொய் சொல்ற புள்ளையா?" என்றார் அத்தான் கண்ணைத் திறக்காமலே.

"நீங்க தூங்குங்க. வேலை போகப் போறது எனக்கு."

அன்றைக்கு முழுக்க அவள் நடந்தாள். சமையல் மேடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும், குழாய்க்கும் மாடிப்படிக்கும். நடுவில் ஒரு தடவை நின்று, "தராசு கெட்டுப் போயிருக்குமோ?" என்றாள். எங்களிடம் ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று இருந்தது. மாட்டிப் பார்த்தாள். முள் ஐந்தில் நின்றது. தராசு சரி என்றால் தப்பு என் பேரில். அவள் என்னைப் பார்க்காமல் கல்லைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். முதல் வீடு தையல்காரம்மாவின் வீடு. அந்த அம்மா வாயில் ஊசி இருந்தாலும் பேச்சை நிறுத்தாதவர். அக்கா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நான் வராத நாலு நாள், இவ வந்தாளா?"

"வந்தாளே! பூனை மாதிரி வந்தா, பூனை மாதிரி போனா. இவ உன் கூடப் பொறந்தவளா, இல்ல கண்டெடுத்தீங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முழங்கைக்கு மேலே பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

"அந்த நாலு நாள் வீட்ல சமையல் குறைவா? யாராவது ஊருக்குப் போயிருந்தாங்களா?"

"யாரு போறது? எப்பவும் போலத்தான். இரு, டீ போடறேன். உன் தங்கச்சிக்கும் நாலு நாளும் கேட்டேன், ஒரு டீ குடிச்சிட்டுப் போடின்னு. தலைய ஆட்டிட்டு ஓடறா. அடுப்பு அணைஞ்சிதான் கெடந்துது, அவளுக்காக மூட்ட இருந்தேன். சரி, வேண்டாம்னா விடுன்னு விட்டுட்டேன்."

அவர் அடுப்பின் முன் குந்தி நான்கைந்து சுள்ளியை ஒடித்தார். காலைச் சமையல் முடிந்து அடுப்பு ஆறியிருந்தது. ஊதினார், புகைந்தது, மறுபடியும் ஒரு கட்டை வைத்தார். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கம்மா" என்றாள்.

"என்ன?"

"அடுப்ப அணைங்க. எல்லாத்தையும் வெளிய எடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

அக்கா பையிலிருந்து தராசை எடுத்தாள். ஒரு கட்டு விறகை எடை போட்டாள். "இப்போ போடுங்க. எப்பவும் எனக்குப் போடற மாதிரியே போடுங்க" என்றாள். பால் கொதித்தது, டீ வந்தது. எனக்கு, அவளுக்கு, தனக்கு, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவளுக்கு என்று நான்கு டம்ளர். தராசக்கா வந்தால் அப்படித்தானாம், அவளோடு சேர்ந்து எல்லோரும் குடிப்பார்களாம். டீயை ஆறவிட்டுவிட்டு அக்கா மிச்ச விறகைத் தராசில் மாட்டினாள். முள் ஆடியது. நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்தோம்.

நானூற்று இருபது கிராம் குறைந்திருந்தது.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தையல்காரம்மாவும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார். பிறகு அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் நானூறு கிராம். வாரத்துக்கு ஏழு நாள். முப்பத்தாறு வீடு. வருஷத்துக்கு நாலு சுற்று. மூன்று வருஷம். எண்ண எண்ண அவள் முகம் சுண்டிப்போனது.

"இவ எழுதின நாலு நாளுதான் சரி. நான் எழுதினதெல்லாம் தப்பு" என்றாள்.

"எடை சரியாத்தானே போட்ட?" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அது.

"எடை சரி. எரிஞ்சதும் நிஜம். ஆனா அது அவங்களுக்காக எரியல. எனக்காக எரிஞ்சுது. நான் போகாத நாள்ல இந்த நேரத்துக்கு அடுப்பு எரியறதே இல்ல."

எழுதிய மூன்று வருஷமும் சரி என்றால் நான்கு நாள் பொய். நான்கு நாள் நிஜம் என்றால் மூன்று வருஷமும் கூடுதல். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். அத்தான் தூக்கத்தை விட்டு எழுந்து உட்கார்ந்தார். "யாருக்குத் தெரியப் போவுது? காய்ச்சல்ல கை நடுங்கிடுச்சு, நாலு நாள் எடை தப்பாப் போச்சுன்னு சொல்லேன்" என்றார்.

"கை நடுங்கல. போனது இவ கை. அது நடுங்காத கை."

ஆபீஸ் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் அக்கா படியேறினாள். இயக்குநர் அம்மா நரை விழுந்த, களைத்த கண்கள் உள்ள பெண். மேஜையில் இரண்டு கண்ணாடி வைத்திருந்தார், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். பென்சில் சார் சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னார்கள். நான் உட்கார்ந்தேன்.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், நான் போனது, டீ, நானூற்று இருபது கிராம். தையல்காரம்மா வீட்டோடு விடாமல் மற்ற பதினொரு வீட்டிலும் டீ போடச் சொல்லி எடை பார்த்திருந்தாள். அந்தத் தாளை மேஜையில் வைத்தாள். கையெழுத்து என்னுடையது.

இயக்குநர் அம்மா வெகுநேரம் படித்தார்.

"நீங்க எந்த வீட்ல டீ குடிப்பீங்க?" என்று பென்சில் சாரைக் கேட்டார்.

அவர் காதைத் தடவினார். "போற வீட்லயெல்லாம்தாங்க. வேண்டாம்னா விடறாங்களா?"

"நாப்பது பேரும்?"

"நாப்பது பேரும்தாங்க."

இயக்குநர் அம்மா கண்ணாடியை மாற்றிக்கொண்டார். "நீங்க சொல்றது சரின்னு எனக்குப் புரியுதும்மா. அதான் கஷ்டமா இருக்கு. ரெண்டு வருஷத்து அறிக்கை அச்சாகிப் போச்சு. ஒரு வீடு இவ்வளவு விறகு எரிக்குதுன்னு அந்த எண்ணை வெச்சுத்தான் சோலாருக்கு அனுமதி வாங்கியிருக்கோம். இப்போ எல்லாத்துலயும் பத்துல ஒரு பங்கு கூடுதல்னு சொன்னா, எல்லாத்தையும் திருப்பிப் பாருன்னு நிறுத்தி வெச்சிடுவாங்க. அந்த வீடுகளுக்கு அடுப்பு வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அந்தப் புகையில இருமறவங்கள நினைச்சுப் பாருங்க."

அக்கா ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். அந்த அறையில் நடக்க அவ்வளவுதான் இடம்.

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். அந்த நாலு நாள் எடை நம்பகமில்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அத நீக்கிடறோம். ஆள் மாத்தி அனுப்பினதை நான் கேக்கல. பொய் எடைன்னும் பேர் விழாது. அடுத்த கட்டத்துல உங்களுக்கு இடம் உண்டு, அது என் பொறுப்பு."

பென்சில் சார் காதிலிருந்து பென்சிலை எடுத்து, பிறகு நினைத்துக்கொண்டு பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கினாள். இதுதான் அவள் விடாமல் பார்த்த ஒரே வேலை. இதுவும் போனால் அவளுக்கு நாற்பத்தொரு வயதில் மறுபடியும் ஒரு நாற்காலி.

"கரண்டு அடுப்பு வந்த பிறகும் எடை போடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"போடுவோம். விறகு எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாக்கணுமே."

"அப்போ எனக்கு டீய அதுலதான் போடுவாங்க. நானூறு கிராம் விறகு குறையும். நான் போகலன்னா எரிஞ்சே இருக்காத விறகு. அத சூரியன் மிச்சம் புடிச்சதுன்னு எழுதுவீங்க."

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெளியே யாரோ தாள் அடுக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு அடுப்பு வர்றது நிக்கக் கூடாதுங்கம்மா. நான் ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லப் போறதில்ல. ஆனா இந்த நாலு நாள நான் அடிக்க மாட்டேன். மூணு வருஷத்துல உருப்படியா இருக்கறது அது ஒண்ணுதான்."

அவள் குனிந்து எழுதினாள். கோணல்மாணலாக இருந்தாலும் எனக்குப் படிக்க முடிந்தது: நான்கு நாள் எடையும் சரி. போனது என் தங்கை. மற்ற நாட்களில் எனக்குக் கொடுத்த டீயின் விறகு சேர்ந்திருக்கிறது, வீட்டுக்கு ஒரு நாளைக்கு நானூறு கிராம் கழிக்கவும். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு பேர் பட்டியல் அடுத்த மாதம் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. அவள் பெயர் இல்லை. ஆள் மாற்றி அனுப்பியதற்காக என்று காரணம் எழுதியிருந்ததாம். பட்டியலுக்குக் கீழே புது விதி ஒன்றும் ஒட்டியிருந்ததாம்: களப்பணியாளர்கள் எடை போடும் வீடுகளில் எதையும் அருந்தக் கூடாது.

அத்தான் அதைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்தார். "பாத்தியா, உன்ன வெளிய தள்ளிட்டு உன் டீய சட்டமாக்கிட்டாங்க!"

அக்காவும் சிரித்தாள். ஆனால் கால் நிற்கவில்லை. "சட்டம் போட்டா ஆச்சா? மேட்டு வீட்ல ஒருத்தியும் கேக்க மாட்டா. புதுசா வர்றவரு ரெண்டு நாள் தாங்குவாரு, மூணாவது நாள் குடிச்சிடுவாரு. சோலார் மாட்டறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு. அதாவது டீ சேராம வரணும்."

மறுநாள் காலையே முப்பத்தாறு வீட்டுக்கும் கிளம்பினாள். நானும் பின்னால். டீ போடாதீர்கள் என்று சொன்னதும் தையல்காரம்மா இடுப்பில் கை வைத்தார்.

"வெயில்ல ஏறி வர்ற மனுஷனுக்கு டீ தராம அனுப்பச் சொல்றியா? உன் ஆபீசுக்கு வெக்கம் இல்லன்னா எங்களுக்கும் இல்லையா?"

அரை மணி நேரம் வாதாடினார்கள். பாதியில் அக்கா பேச்சை நிறுத்தினாள். பின்கட்டுக்குப் போய் ஒரு கை சுள்ளி பொறுக்கி வந்து, எடைக் குவியல் வைக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரோரமாக வைத்தாள்.

"சரி, போடுங்க. ஆனா வர்றவருக்குப் போடற டீக்கு இதுலருந்து எடுங்க. எடைக் குவியலத் தொடக் கூடாது. அவருகிட்டயும் சொல்லிடுங்க, ஒளிக்க வேண்டாம்."

"இவ்வளவுதானா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

முப்பத்தாறு வீட்டிலும் ஒரு சின்னக் குவியல் வைக்க எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. பதினெட்டாவது வீட்டில் நாய் துரத்தியது. இருபத்தேழாவது வீட்டில், எங்களுக்குச் சோலார் வராமல் போகுமா என்று கேட்டு ஒரு பெரியவர் கதவைச் சாத்தினார். அக்கா அடுத்தடுத்த நாளும் போய்த் தட்டி, மூன்றாம் தடவை திறக்க வைத்தாள்.

புதியவர் வந்த வாரம், மூன்றாம் நாள், நாங்கள் எதிர்ச் சந்தில் நின்று பார்த்தோம். நடுத்தர வயது, வழுக்கைத் தலை, ஏறியதில் மூச்சு வாங்கியது. எடை போட்டார், எழுதினார். தையல்காரம்மா ஏதோ சொன்னார். அவர் கையை விரித்து மறுத்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டாரு" என்றேன்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தையல்காரம்மா திரும்பினார். பேச்சு வாக்கில் பெரிய குவியல் பக்கம் போனார். அக்காவின் நகம் என் தோளில் பதிந்தது. குனிந்த அம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து, சுவரோரச் சுள்ளியைக் கை நிறைய அள்ளினார்.

"அடுத்த வீட்டுக்காரி மறந்துடுவா, வா" என்று அக்கா எனக்கு முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டாள்.